தொண்டிமுதல் அறையில் வைத்த உயிர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாகக் கையிருப்பில் இல்லை. பசுவுக்குப் பிரசவம் பார்ப்பதும் நாய்க்கு ஊசி போடுவதும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, போனிலும் இருக்கிறது, அதற்கு நான் எதற்கு? கல்லூரியில் சொல்லித்தராத சமாசாரம் ஒன்று உண்டு. நீங்கள் சரியாகவே சொல்வீர்கள். எதிரே இருப்பவரும் மரியாதையாகத் தலையாட்டுவார். பிறகு தன் இஷ்டத்துக்குச் செய்வார். எல்லாம் முடிந்ததும் உங்களிடமே வந்து, "ஒரு ஒப்பு போடுங்க டாக்டரே" என்று பேனாவை நீட்டுவார். அந்தப் பேனாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இந்தக் கிழவிக்கு வயிற்றெரிச்சல் என்பீர்கள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று யார் சொன்னது?

நான் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவள். வேலை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இடுக்கி மலையில். ஓய்வு பெறும்போது சித்திரபுரத்தில் இருந்தேன். மின்சார வாரியக் குடியிருப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு, எந்நேரமும் பனி. வனத்துறைக்கென்று தனி மருத்துவர் உண்டு. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் யானை விஷயமாக வேறு மலைக்குப் போயிருந்தார். அதனால் பிற்பகலில் எனக்கு போன் வந்தது. பறக்கும் அணில் ஒன்றைப் பிடித்திருக்கிறோம், வந்து பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும் என்றார்கள். எந்த வனத்துறை நிலையம் என்று பெயர் சொல்ல மாட்டேன். அங்கே இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள்.

போய் இறங்கினால் முற்றத்தில் முருகேசனின் ஜீப் நிற்கிறது, பின்னால் காரட் மூட்டைகளோடு. வராந்தா பெஞ்சில் முருகேசன் உட்கார்ந்திருக்கிறான். வட்டவடைக்காரன். மூணாறுக்குக் காய்கறி ஏற்றுவான், சீசனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவான். அவன் வீட்டு மாட்டுக்கு மடிநோய் வந்தபோது நான்தான் வைத்தியம் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"டாக்டரம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. சத்தியமா இது நம்ம காட்டு அணில் இல்ல. பாலக்காட்டுலருந்து வந்தவுக என் கையில குடுத்துட்டுப் போனாக."

நடந்தது இதுதான். பாலக்காட்டிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்து இவன் ஜீப்பில் வட்டவடையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். துணிப்பையில் இந்தப் பிராணியையும் கொண்டுவந்திருந்தார்கள். ராத்திரியெல்லாம் கத்துகிறது, வீடெல்லாம் நாறுகிறது என்று அந்தப் பெண் வழியெல்லாம் புலம்பினாளாம். கிளம்புகிற அன்று கணவன் இதை முருகேசன் கையில் வைத்து, உங்களுக்கென்ன, காடே பக்கத்தில் இருக்கிறது, இங்கேதான் இதற்குச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டான். முருகேசனுக்கு அதைக் காட்டில் விட மனம் வரவில்லை. பூனை தின்றுவிடும் என்று பயம். பகலெல்லாம் அது தூங்குகிற ஜாதி. குளிருக்கு அடக்கமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறான். அன்றைக்குச் சோதனைச் சாவடியில் வண்டிக் காகிதத்தை எடுக்க அவன் கையை விட்டபோது, அது பையிலிருந்து தலையை நீட்டிக் காவலரைப் பார்த்திருக்கிறது.

அவ்வளவுதான். பறக்கும் அணில், பாதுகாக்கப்பட்ட உயிரினம், கடத்தல். ஜீப் பிடிபட்டது. ரேஞ்சர் அதைக் கூண்டோடு தூக்கிப் பிடித்து எடுத்துக்கொண்ட படம் நான் வருவதற்குள் ஊரெல்லாம் போனில் சுற்றிவிட்டது. திங்கட்கிழமை கோர்ட். அணில்தான் என்று நான் எழுதிக் கொடுத்தால் முருகேசனுக்கு ஜெயில். ஜீப்பும் போகும். அவன் வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

கிளிக்கூண்டு ஒன்றில் போட்டு வைத்திருந்தார்கள். மேலே சாம்பல் நிறம், வயிறு வெளுத்த சந்தன நிறம். மூக்கு நுனியில் தொடங்கி நெற்றி வழியாக முதுகின் நடுவரை மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. உடம்பு ஒரு சாண்கூட வராது, வாலும் அதே நீளம். கண்கள் மட்டும் அந்த முகத்துக்கு ரொம்பப் பெரிது, இருட்டில் அலைவதற்கென்றே அமைந்தவை. முன்காலிலிருந்து பின்கால்வரை இரண்டு பக்கமும் மெல்லிய தோல் மடிப்பு. அதை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும். பறப்பது என்று நாம் சொல்கிறோம், உண்மையில் அது மிதந்து இறங்குவதுதான்.

கையில் எடுத்ததும் கத்தியது பாருங்கள்! காலி கிரைண்டரை ஓடவிட்டது மாதிரி. அத்தனை சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கேதான் இருந்ததோ. பல்லைப் பார்த்தேன். அணிலாக இருந்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உளி போல நிற்கும். இதற்கு மேல்வரிசையில் சின்னச் சின்னப் பற்கள். பின்காலில் நம் கட்டைவிரல் போல ஒரு விரல் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது. வயிற்றைத் திருப்பினேன். நடுவில் ஒரு பிளவு. கங்காருவுக்கு இருக்கிறதே, அதே பை, விரல்நுனி நுழைகிற அளவில். பைக்குள் லேசாகப் புடைத்திருந்தது.

"இது அணிலே இல்லை. சுகர் கிளைடர். ஆஸ்திரேலியா பக்கத்துப் பிராணி. வளர்க்கிறதுக்குன்னு இங்கே விற்கிறார்கள். குட்டியைப் பையில் வைத்து வளர்க்கிற ஜாதி" என்றேன்.

ரேஞ்சர் கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் இருக்காது. மலையாளி, எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"டாக்டரே, சாம்பல் கலர் இருக்கு. தோல் விரியுது. சாடிக் குதிக்குது. பின்னே பறக்கும் அணில் இல்லாம வேறென்ன?"

"பை இருக்கிறதே சார்?"

"அது தோல் மடிப்பா இருக்கும்."

"உள்ளே குட்டி இருக்குமென்று நினைக்கிறேன். ரொம்பச் சின்னதாக இருக்கும். இப்போது இதைக் குளிரில் வைத்து நோண்டக் கூடாது."

அவர் முகம் மாறியது. இளகிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு என்ன புத்தி! அவர் கவலை வேறு. "பிடிச்சதுக்கு எழுதற மகஸர்ல ஜீவி ஒண்ணுன்னு எழுதி சாட்சி ஒப்பும் வாங்கியாச்சு. இப்போ குட்டி உண்டுன்னு சொன்னா மகஸர் பொய்யாகுமே?"

நான் கூண்டைப் பார்த்தேன். உள்ளே மிக்சர் போட்டு வைத்திருந்தார்கள். டீக்கடை மிக்சர்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அதை வாரி வெளியே கொட்டினேன். காட்டில் இது மரப்பட்டையைக் கடித்து வழிகிற சாற்றையும் பிசினையும் நக்கும், பூந்தேனும் மகரந்தமும் தின்னும், பூச்சி பிடிக்கும். கொஞ்சம் பழம், வேகவைத்த முட்டை, தேன் கலந்த தண்ணீர் கொடுங்கள் என்றேன்.

பெஞ்சிலிருந்து முருகேசன் சொன்னான்: "வாட்டில் மரத்துப் பிசினு குடுத்தேம்மா. நக்கி நக்கித் தின்னுச்சு. கிராண்டிஸ் பூன்னா அதுக்கு உசிரு."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாட்டிலும் கிராண்டிஸ் தைலமரமும் அந்த நாட்டிலிருந்து வந்தவைதான். யாரோ கொண்டுவந்து நட்டு, மலையெல்லாம் பரவி, நம் ஊற்றையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டன என்று இப்போது வெட்டச் சொல்கிறோம். வட்டவடையில் இத்தனை மரம் இருக்கிறது, அது தன் ஊர் மரத்தைக் கண்டுபிடித்துத் தின்றிருக்கிறது.

பிறகு நான் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் அதைச் சொல்லவே இல்லை என்றார்கள். "சார், இது கூட்டமாக மரப்பொந்துக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு தூங்குகிற பிராணி. தனியாக, குளிரில், பட்டினி கிடந்தால் உடம்புச் சூட்டைத் தானே குறைத்துக்கொண்டு விறைத்துக் கிடக்கும். மூச்சு விடுவதே தெரியாது. தொட்டால் ஜில்லென்று இருக்கும். பார்த்தால் செத்தது போலவே இருக்கும். சாகவில்லை. அப்படிக் கிடந்தால் கையில் வைத்து மெதுவாகச் சூடு காட்டுங்கள், எழுந்துவிடும். இல்லையென்றால் இப்போதே என்னிடம் கொடுங்கள், திங்கட்கிழமைவரை நான் வைத்துக்கொள்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

"அது நடக்காது டாக்டரே. தொண்டிமுதல் ஸ்டேஷன் விட்டு வெளிய போகக் கூடாது."

கேரளத்தில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்குக்காகக் கைப்பற்றிய பொருளுக்குத் தொண்டிமுதல் என்று பெயர். வெட்டின சந்தனக் கட்டை தொண்டிமுதல், அதை வெட்டின ரம்பமும் தொண்டிமுதல். அதெல்லாம் ஒரு அறையில் பூட்டியிருக்கும். ஜன்னல் கிடையாது, சிமெண்ட் தரை, மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். இந்த உயிரும் அந்த வரிசையில் ஒன்றாகிவிட்டது. முருகேசன் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தான், கூண்டில் போடச் சொல்லி. அதையும் வாங்க மாட்டேன் என்றார்கள், பிரதியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், உடுப்பு தொண்டிமுதலோடு கலக்கக் கூடாதாம். என் சால்வையைக் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இது அணில் அல்ல, சுகர் கிளைடர் என்று எழுதிக் கொடுத்தேன். ரேஞ்சர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "இதை யார் குடுத்தாங்களோ அவங்க வந்து ஒரு வாக்கு சொல்லட்டும். அப்போ முருகேசனை விடலாம். எனக்கு மேலே பதில் சொல்லணும் இல்லே?"

அது நியாயம்தான். முருகேசனின் போனில் அந்த ஆளின் எண் இருந்தது. எண்ணோடு இருந்த படத்தைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிச்சு! கல்பாத்தியில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற பையன். பெங்களூரில் பெரிய வேலை, கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே பார்க்கிறான். அவன் பூணூலுக்கு நான் போயிருக்கிறேன். அப்பாடா, நம்ம பையன்தானே, ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவான் என்று நினைத்தேன். முருகேசனிடமும் அப்படியே சொன்னேன், "கவலைப்படாதே, எங்க தெருப் பையன்தான்" என்று. அவனும் நம்பி டீ வாங்கிக் குடித்தான்.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"மாமி! சௌக்கியமா இருக்கேளா? சொல்லுங்கோ."

விஷயத்தைச் சொன்னேன்.

"மாமி, என்னை இதுல இழுக்காதேங்கோ. கேஸு கீஸுன்னு வந்தா கம்பெனியில என்ன நினைப்பா? அவன் வெச்சுண்டிருந்தான், அவன் பாத்துக்கட்டும்."

"டேய், நீ கொடுத்ததுதானேடா? வாங்கினது தப்பில்லை, வித்தவன்கிட்ட வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ அதோட எடுத்துண்ட போட்டோ ஒண்ணு அனுப்பு, போதும். அந்த ஆளை விட்டுடுவா."

"போட்டோல்லாம் இப்ப இல்லை மாமி."

இருந்திருக்கிறது. மேல்பையில் அதை வைத்துக்கொண்டு இவன் சிரிக்கிற வீடியோவை அன்று காலைவரை ஊரே பார்த்திருக்கிறது. முருகேசன் பிடிபட்ட செய்தி போனில் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் அதையே நம்பித் தொலைத்து, அது தனியாக இருந்ததா, ஜோடி உண்டா என்று கேட்டேன்.

"ஜோடியாத்தான் வாங்கினோம். ஆண் போன மாசம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் இது இந்தக் கத்து கத்த ஆரம்பிச்சுது. சாரமில்லை, ஒண்ணும் ஆகாது மாமி, மலையிலதானே விட்டிருக்கோம், அதுக்குச் சுகம்தான்."

துணை செத்துப்போன பிராணி துணையைத் தேடிக் கத்தியிருக்கிறது. இவர்களுக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. மலை என்றால் சுகமாம்! காட்டில் விட்டால் ஒன்று அது சாகும், அல்லது பிழைத்துப் பெருகி நம் காட்டுப் பறவைகளின் பொந்தையும் முட்டையையும் பிடுங்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் போனை வைத்துவிட்டான். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அவன் அம்மாவுக்கு அடித்தேன். "குழந்தை ரொம்பப் பயந்துண்டிருக்கான், விட்டுடேன்" என்றாள். முப்பது வயதுக் குழந்தை!

ஜோடியாக இருந்தது என்று தெரிந்ததும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. பையில் இருப்பது குட்டிதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தண்ணீர்ப் பையில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அன்று பனி கொட்டியது. எதிரே வந்த வண்டி தெரியவில்லை, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் வெயிலே வந்துவிட்டது.

நிலையத்தில் ஆள் மாறியிருந்தது. முந்தின நாள் நான் பேசியபோது கூட இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் அறையைத் திறந்து பார்த்தபோது அது விறைத்துக் கிடந்திருக்கிறது. என் சால்வை கூண்டுக்குள் இல்லை. கூண்டுக்கு மேலே மடித்து வைத்திருந்தார்கள், அழுக்காகிவிடும் என்று.

தொண்டிமுதலாக உள்ள உயிர் இறந்துவிட்டால் உடனே சாட்சி வைத்து, துணியில் பொதிந்து தைத்து, அரக்கு முத்திரை போட்டு, கெட்டுப்போகாமல் ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். அதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்த வேலையும் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நான் பார்த்ததில்லை. ரேஞ்சருக்கு போனில் சொல்லி, அவரும் சரி என்று சொல்லி, எல்லாம் முடித்து வைத்திருந்தார்கள். அவர் வந்துகொண்டிருந்தார்.

சாட்சி ஒப்பு போட்டவர் எதிரே டீக்கடை வைத்திருப்பவர். நான் கத்துகிற சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"அரக்கு உருகுற வரைக்கும் பொதிஞ்சதை வெயில்ல மேசை மேல வச்சிருந்தாக டாக்டரம்மா. துணி லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. சொன்னேன். காத்துக்கு அசையுதுன்னு சொல்லிட்டாக."

காற்று! பனி விலகி அந்த மேசைமேல் கொஞ்சம் வெயில் விழுந்திருக்கிறது. அந்தச் சூடே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது.

முத்திரையை உடைக்கக் கூடாது என்றார்கள். தள்ளுடா என்றேன். அரசாங்க ஆளை நான் டா போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான். பெட்டியைத் திறந்து துணியைக் கத்தரித்தேன். நேராகக் கிடத்தித்தான் பொதிந்தோம் என்று சொன்னார்கள். நான் பிரித்தபோது அது சுருண்டிருந்தது. வாலை வயிற்றின்மேல் பை மறைகிற மாதிரி மடித்துப் போட்டிருந்தது. முன்கால் நகங்கள் துணியின் நூலில் சிக்கியிருந்தன. வெந்நீர்ப் பையின்மேல் வைத்துப் பார்த்தேன். மார்போடு அணைத்து வைத்துப் பார்த்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த முருகேசன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான். வெகுநேரம் வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ரேஞ்சர் வந்ததும் மேசைமேல் வைத்து, அவர் பார்க்கப் பையை விரலால் விலக்கினேன். உள்ளே இரண்டு குட்டி. ரோமம் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, அவரை விதை அளவு. காம்பை வாயில் கவ்வியபடியே இருந்தன. தாய் செத்த பிறகுதான் அவை செத்திருக்கும். எவ்வளவு நேரம் கழித்து என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

"தெய்வமே" என்று ரேஞ்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோல் மடிப்பு என்று பிறகு அவர் சொல்லவில்லை. அணில் இல்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கிச்சு சொல்ல மாட்டேன் என்று ஒளிந்துகொண்ட வாக்குமூலத்தை அந்த இரண்டும் சொல்லிவிட்டன.

இனிமேல்தான் நான் முதலில் சொன்ன பேனா வருகிறது. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ரேஞ்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "டாக்டரே, அணில் இல்லேன்னு எழுதிக்கோங்க. கூடவே ஒரு வரி. பிடிக்கும்போதே தீனம் வந்து தளர்ந்திருந்ததுன்னு. என் ஸ்டேஷன் பிள்ளைகள் தெரியாம செஞ்சது. நீங்களும் ஓய்வு வாங்கப் போறீங்க. எதுக்கு வம்பு?"

ஒரு வரிதானே! அந்த வரியின் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பிடிக்கும்போதே நோய் என்றால் கொன்றது யார்? வளர்த்தவன். கடத்தல் போய், மிருகத்தை வதைத்தான் என்று முருகேசன்மேல் இன்னொரு வழக்கு வரும். குளிரக் கூடாது என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியவன்மேல். மாட்டேன் என்றதும் ரேஞ்சர் பார்த்து எழுதுங்கள் என்று கெஞ்சினார், பின்பு கோபித்துக்கொண்டார், பின்பு மேலதிகாரி ஒருவரை போனில் பிடித்து என் காதில் வைத்தார். அவரும் அன்பாகத்தான் பேசினார். அம்மா அம்மா என்றார். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ரொம்ப அன்பாக இருப்பார்கள். நீங்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியது அப்போதுதான்.

நான் எழுதியது இது: கைப்பற்றும்போது ஆரோக்கியமாக இருந்தது, குளிரில் விறைத்த நிலையில் இருந்ததை இறந்ததாகக் கருதிப் பொதிந்துவிட்டார்கள், ஐஸில் வைக்கும்போது உயிர் இருந்தது. நகத்தில் சிக்கிய நூலையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முருகேசனை விட்டார்கள். ஜீப் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் காரட் அழுகி வண்டியே நாறிவிட்டது. என் அறிக்கை விளக்கம் கேட்டு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் அதையே எழுதினேன். யார்மேலும் ஒரு நடவடிக்கையும் இல்லை. அரிய பறக்கும் அணில் மீட்பு என்று ரேஞ்சர் கூண்டோடு நிற்கிற படம் இன்னும் போனில் கிடைக்கிறது, தேடினால் உங்களுக்கும் வரும். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் மேடம் என்று என் பிரிவுபசாரத்தில் யாரோ பேசினார்கள். எழுந்து வந்துவிட்டேன். எதை ஜெயித்தேன்?

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். குளிர்ந்த உடம்பைப் பார்த்ததும் செத்த உடம்பு என்று எழுதாதீர்கள், சூடு காட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சொன்னதை எழுத்தில் கொடுங்கள், ஆள் மாறும்போது புதிதாக வருகிறவரிடமும் கொடுங்கள். விதி இருக்கிறது என்று சொல்கிறவரோடு சண்டை போடுங்கள், தோற்றாலும் போடுங்கள். அன்பாகக் கேட்கிற ஒரு வரியை எழுதாதீர்கள். இதெல்லாம் செய்தால் உயிர் பிழைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாம் செய்தும்தான் அது போயிற்று.

முருகேசன் அடுத்த தடவை மாட்டுக்கு மருந்து வாங்க வந்தபோது சட்டைப் பையை இரண்டு விரலால் விரித்து உள்ளே பார்த்துக்கொண்டான். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பழகிப் போச்சும்மா. போனு எடுக்கையிலகூட மெதுவாத்தான் கையி போவுது" என்றான். பிறகு மாட்டைப் பற்றிப் பேசினோம்.

ஓய்வு பெற்ற பிறகு தேருக்காகக் கல்பாத்திக்குப் போனேன். தெருவெல்லாம் கூட்டம். கிச்சு பட்டு வேட்டியோடு வந்து காலில் விழுந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"மாமி, அன்னிக்கு எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு, தப்பா எடுத்துக்காதேங்கோ. அந்த டிரைவர் வெளியில வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். நன்னாப் போச்சு. அது என்ன ஆச்சு? காட்டுல விட்டுட்டாளா?"

"அது பையில ரெண்டு குட்டி இருந்ததுடா" என்றேன். தெருக் கூட்டத்தில் வைத்து மிச்சத்தைச் சொல்லப் பிடிக்கவில்லை.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவியைக் கூப்பிட்டான். "கேட்டியா, குட்டி போட்டிருக்காம்! மாமி, குட்டியிலேருந்து வளர்த்தா நன்னாப் பழகுமாம், கத்தாதாம். இப்ப யார் கையில இருக்கு? எங்களுக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"ரெண்டுமே இருக்கு. ஐஸ் பெட்டியில வெச்சிருக்கா. வந்து எடுத்துண்டு போ" என்றேன்.